பொன்னியின் செல்வன் அஞ்சாம் பாகம்: எனக்கு இன்னும் ஆறலை

#1 குடமுருட்டி

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுக்குள்ளயே வச்சிருந்த விஷயம். போன வாரம் நாலாவது தடவையா கல்கியோட பொன்னியின் செல்வன் அஞ்சு பாகமும் படிச்சு முடிச்சதும் இதை எழுதாம தூக்கம் வராதுன்னு தோணிடுச்சு. பதிவு நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க. கதையை முழுக்க உடைச்சுத்தான் பேசப் போறேன், அஞ்சாம் பாகமான தியாகச் சிகரம் இன்னும் படிக்காதவங்க இங்கயே நிறுத்திக்கோங்க.

நான் முதல்ல படிச்சது எட்டாங்கிளாஸ் முழுப்பரீட்சை லீவுல. அச்சான புஸ்தகம் இல்லை, எங்க பாட்டி வாராவாரம் பத்திரிகைல வந்த பக்கத்தைப் பிரிச்செடுத்து கோணி ஊசியும் ட்வைன் நூலும் போட்டுத் தானே தச்சு வச்ச கட்டு. ஓரமெல்லாம் பழுப்பேறி, பக்கத்தைத் திருப்பினா மூலை பொட்டுன்னு உடையும், அதனால ரெண்டு கையாலயும் ஏந்தித்தான் திருப்பணும். மணியம் வரைஞ்ச படம் வர்ற பக்கத்துல மட்டும் பாட்டி ஒரு டிஷ்யூ பேப்பர் வச்சிருப்பாங்க, புடவைப் பெட்டில வருமே அந்தப் பேப்பர்.

கடைசிக் கட்டுல மணிமேகலை, அவ ஆசை வச்ச கதாநாயகன் வந்தியத்தேவன் மடியில உயிரை விடறா. அதோட பக்கம் தீர்ந்துடுச்சு. நான் என்ன நினைச்சேன்னா தையல் விட்டு மிச்சப் பக்கம் எங்கயோ விழுந்துடுச்சுன்னு. பரண்ல ஏறி பழைய பஞ்சாங்கம், கல்யாணப் பத்திரிகைக் கட்டு, கால் உடைஞ்ச கொலு பொம்மை எல்லாத்தையும் இறக்கி வச்சுத் தேடறேன். கீழ நின்னுட்டு பாட்டி "என்னடி தேடற?"ன்னாங்க. "கடைசிப் பக்கம் காணோம் பாட்டி"ன்னேன். "அவ்வளவுதான்டி கதை. நாங்களும் அடுத்த வாரம் வரும், அடுத்த வாரம் வரும்னுதான் உக்காந்திருந்தோம்"னாங்க.

அந்தக் கட்டுல முடிவுரை இல்லை. கல்கி முடிவுரைன்னு ஒண்ணு எழுதியிருக்கார்னே காலேஜ் லைப்ரரில அச்சுப் பிரதி எடுத்தப்பதான் தெரிஞ்சுது. கதை சட்டுன்னு முடிஞ்சுடுச்சுன்னு அப்பவே வாசகர்கள் வருத்தப்பட்டிருக்காங்க, அதுக்கு அவரே உக்காந்து பதில் சொல்லியிருக்கார். அதைப் படிச்சப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு. பாட்டி மட்டும் இல்லை, ஊரே அப்படித்தான் உக்காந்திருந்திருக்கு.

இப்ப என் வருத்தம் என்னன்னு சொல்றேன். கதை சின்னதா போச்சுங்கறது இல்லை. மூணாம் பாகமும் நாலாம் பாகமும் ஆளுக்கு 46 அத்தியாயம், அஞ்சாம் பாகம் மட்டும் 91. அதுல முதல் பாதி மாதிரி தமிழ்ல எனக்கு இன்னொண்ணு கிடைக்கலை. நாகப்பட்டினத்துல கடல் பொங்கி சூடாமணி விஹாரத்துக்குள்ள தண்ணி ஏறற இடம், பெரிய பழுவேட்டரையர் வெள்ளத்துல அடிச்சுட்டுப் போய் இருட்டுல ஒதுங்கி நின்னு தன் வீட்டுக்குள்ளயே இருக்கற சதியைத் தன் காதால கேக்கற இடம், அந்தக் கிழவருக்கு அறுபது வயசுக்கு மேல அப்பதான் கண்ணு திறக்குது, அதெல்லாம் படிக்கும்போது முதுகு சிலிர்க்கும்.

ஆனா பட்டத்து இளவரசன் கரிகாலன் சாகற இடம். மொத்தக் கதைலயும் கல்கி நம்மளைக் கூட்டிட்டுப் போகாத இடமே இல்லை. கடம்பூர் மாளிகைல நடுராத்திரி ரகசியக் கூட்டம் நடந்தா வந்தியத்தேவன் கண்ணு வழியா நமக்குத் தெரியும், சுரங்கப்பாதை, நிலவறை, பள்ளிப்படைக் காடு எதுவா இருந்தாலும் நமக்கு ஒரு இடுக்கு விட்டு வச்சிருப்பார். அப்பேர்ப்பட்டவர் அந்த ஒரு நிமிஷம் மட்டும் விளக்கை அணைச்சுடறார். இருட்டு. ஒரு அலறல். அப்புறம் மணிமேகலை நான் கொன்னேங்கறா, பழுவேட்டரையர் நான்தான் கத்தியை எறிஞ்சேங்கறார், வந்தியத்தேவன் வாயைத் திறக்காம பாதாளச் சிறைல கிடக்கறான். நாலு பாகமா கூடவே வந்த எனக்கு உண்மை கிடையாதா?

அதைவிடப் பெரிய வருத்தம் சேந்தன் அமுதன். அவன் மேல எனக்குப் பிரியம் உண்டு, அந்தப் பூக்குடலையும் தேவாரமும் வாய் பேச முடியாத அம்மாவும் கண்ணுக்குள்ளயே நிக்கும். ஆனா கரிகாலனோட தம்பி அருள்மொழி, அதான் பின்னாடி ராஜராஜன் ஆனவர், யாருக்கு மகுடத்தை விட்டுக் கொடுக்கறார்ங்கறதுதானே கதையோட உச்சி? பாகத்துக்குப் பேரே தியாகச் சிகரம். திருவாலங்காட்டுச் செப்பேட்டுல என்ன இருக்கு? ஜனங்க எல்லாரும் அருள்மொழியை அரசனா இருன்னு கேக்கறாங்க, தன் சித்தப்பாவுக்கு ராஜ்ஜியத்து மேல ஆசை இருக்கற வரைக்கும் எனக்கு மனசால கூட வேண்டாம்னு அவர் ஒதுங்கறார். சித்தப்பாவுக்கு ஆசை இருக்கற வரைக்கும்! அதாவது ஆசைப்படறவனுக்கு விட்டுக் கொடுத்தார். அது எவ்வளவு கஷ்டம். கதைல என்ன ஆகுது? ஆசைப்பட்ட சித்தப்பா மதுராந்தகன் போலின்னு ஆகி ஓடிடறான், ஆசையே இல்லாத, பூப்பறிச்சு மாலை கட்டற ஒரு தங்கமான பிள்ளைக்கு மகுடம் போகுது. நல்லவனுக்குக் கொடுக்கறது பெரிசுதான், இல்லைங்கலை. ஆனா செப்பேட்டுல இருக்கற தியாகம் கதைல இருக்கற தியாகத்தைவிட உசரமா இருக்கு. இவ்வளவு பெரிய கதைக்காரர் சிகரத்தை ஏன் ரெண்டு படி கீழ இறக்கினார்னு முப்பது வருஷமா கேட்டுட்டே இருக்கேன்.

உங்களுக்கெல்லாம் எப்படி இருந்துது, சொல்லுங்க.

#2 வீராணத்தான்

அக்கா, உங்க பதிவை ரெண்டு தடவை படிச்சேன். அந்த இருட்டு பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா எங்க ஊரு அதுக்குப் பக்கம்.

காட்டுமன்னார்கோயில்ல உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில் இருக்குல்ல, அங்கதான் அந்தக் கல்வெட்டு. ராஜராஜனோட ரெண்டாவது ஆட்சி வருஷம், அதாவது 987 வாக்குல வெட்டினது. எங்க மாமா ஒருத்தர் பள்ளிக்கூடத்து வாத்தியார், என்னைச் சின்ன வயசுல கூட்டிட்டுப் போய் சுவத்துல விரல் வச்சுக் காட்டினார். முதல்ல ஒண்ணுமே தெரியாது, வெறும் கீறல் மாதிரி இருக்கும். எழுத்துல புள்ளி கிடையாது, வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி கிடையாது, சாயங்கால வெயில் பக்கவாட்டுல விழும்போதுதான் குழி குழியா நிழல் கட்டி எழுத்து எழும்பி வரும். சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன், இப்படிப் பேரா வரும். பாண்டியன் தலை கொண்ட கரிகால சோழனைக் கொன்ன துரோகிகள்னு இருக்கும், அவங்க சொத்தையும் சொந்தக்காரங்க சொத்தையும் பறிமுதல் பண்ணச் சொல்லி அரசன் உத்தரவு.

அவ்வளவுதான் அக்கா இருக்கு. எந்த அறை, யார் கையில கத்தி, எதுக்காக, ஒரு எழுத்து கிடையாது. அந்தச் சுவத்து முன்னாடி நின்னவங்களுக்குக் கல்கி ஏன் விளக்கை அணைச்சார்னு புரிஞ்சுடும்னு நான் நினைக்கறேன். வந்தியத்தேவன்தான் கொன்னான்னு எழுத முடியாது, பழுவேட்டரையர்தான்னு அடிச்சுச் சொன்னா கல்வெட்டுல இருக்கற ரவிதாசனை என்ன பண்றது? இருட்டா விட்டதுதான் நேர்மைன்னு எனக்குப் படுது.

#3 நெய்தல்பூ

எனக்கு கரிகாலனும் வேண்டாம், சேந்தன் அமுதனும் வேண்டாம். மணிமேகலையை ஏன் அப்படிப் பண்ணினார்? அந்தப் பொண்ணு யாருக்கு என்ன கெடுதல் பண்ணினா. அண்ணன் ஆசையா சொன்ன ஒரு பேரைக் கேட்டு மனசுல வச்சவ, அப்புறம் அதே அண்ணன் வேண்டாம்னு சொன்னதும் எடுத்துப் போட முடியலை. அவ்வளவுதான் அவ தப்பு. வந்தியத்தேவனுக்காகக் கொலைப் பழியைத் தன் தலைல போட்டுக்கத் தயாரா இருந்தவ. கடைசி அத்தியாயம் பேரே மலர் உதிர்ந்தது. நான் அந்த அத்தியாயத்தை ஒரே தடவைதான் படிச்சிருக்கேன், திரும்பப் படிக்கும்போது அதுக்கு முன்னாடியே மூடி வச்சுடுவேன்.

#4 பழைய இதழ்

சகோதரி, நல்ல இழை. நான் கொஞ்சம் வயசானவன், எங்க வீட்டுலயும் அந்த மாதிரி தச்ச கட்டு இருந்துது, ஒரு மழைக்காலத்துல கரையான் அரிச்சுப் போச்சு. உங்க பாட்டி வச்ச டிஷ்யூ பேப்பரைப் படிச்சதும் எங்க அம்மா கைதான் ஞாபகம் வந்துது.

இந்தக் கதையை நாம இப்ப புஸ்தகமா மடில வச்சுட்டு ஒரே வாரத்துல முடிக்கறோம். அப்ப அப்படி இல்லை. 1950 அக்டோபர் கடைசில ஆரம்பிச்சு 1954 வரைக்கும் மூணரை வருஷம். மொத்தம் 293 அத்தியாயம். கணக்குப் போட்டா வாரத்துக்கு ஒண்ணுக்கு மேலயே வருது. ஒரு மனுஷன் பத்திரிகையும் நடத்திட்டு, தலையங்கம் எழுதிட்டு, சங்கீத விமர்சனமும் எழுதிட்டு, இதையும் ஒரு வாரம் விடாம எழுதறார். கதை முடிஞ்ச அதே 1954 டிசம்பர் 5-ம் தேதி போயிட்டார், 55 வயசு. அப்ப எழுதிட்டிருந்த அமரதாரா நாவல் பாதில நின்னு அவர் மகள் ஆனந்திதான் முடிச்சு வச்சாங்க. இதை நினைச்சா அஞ்சாம் பாகத்தோட கடைசி இருபது அத்தியாயம் வேகமா ஓடுதேன்னு எனக்குக் கோபம் வரலை. முடிச்சாரேன்னு இருக்கு. முடிக்காமப் போயிருந்தா என்ன பண்ணியிருப்போம்?

#5 குடமுருட்டி

ஐயா, நீங்க சொன்னது நெஞ்சுல பட்டுடுச்சு. முடிக்காமப் போயிருந்தாங்கறதை நான் இதுவரைக்கும் யோசிச்சதே இல்லை.

வீராணத்தான் தம்பி, கல்வெட்டு பத்தி நீங்க எழுதின விதம் ரொம்ப அழகு. நேர்மைங்கறதை ஒத்துக்கறேன். ஆனா ஒரு கேள்வி. கல்வெட்டுல பழுவேட்டரையர் பொண்டாட்டி நந்தினியே கிடையாது. பூங்குழலி கிடையாது, ஊமை ராணி கிடையாது, ஆழ்வார்க்கடியான் கிடையாது. இல்லாத ஆளையெல்லாம் ரத்தமும் சதையுமா உண்டாக்கினவருக்கு, அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் கல்வெட்டு தடையா? அவர் மனசுக்குள்ள ஒரு பதில் இருந்திருக்கும்ல, அதை எனக்குச் சொல்லலையேங்கறதுதான் வருத்தம்.

இதைவிட முடிவுரைல ஒரு வரி இருக்கு, அதைப் படிச்சா வயித்தைப் பிசையும். நந்தினிய ராஜராஜன் பிற்காலத்துல சந்திச்சு கரிகாலன் சாவைப் பத்தின உண்மையைத் தெரிஞ்சுக்கிட்டார்னு போகிற போக்குல சொல்லியிருப்பார். யோசிச்சுப் பாருங்க. ஒரு பக்கம் பேரரசன், எதிர்ல அவன் அண்ணனோட வாழ்க்கையையே எரிச்ச பொண்ணு, ரெண்டு பேருக்கும் வயசாகிப் போச்சு. அவ வாயைத் திறந்து என்ன நடந்ததுன்னு சொல்றா. அஞ்சு பாகத்துலயும் இல்லாத பெரிய காட்சி அது. அதை ஒரு வரில வச்சுட்டுப் போயிட்டார். குந்தவை வந்தியத்தேவன் கல்யாணமும் அதே முடிவுரைலதான். ஆடிப்பெருக்கு அன்னிக்கு வீரநாராயண ஏரிக் கரைல குதிரைல வந்தானே அந்தப் பையன், அவன் கூடவே நாம 293 அத்தியாயம் நடந்தோமே, அவன் கல்யாணத்துக்கு நமக்கு ஒரு தாம்பூலம் கூட இல்லை.

#6 மாதகல்கடல்

நான் யாழ்ப்பாணத்துப் பக்கம், இப்ப கனடாவில. எங்கட அப்பா வாசிச்சுக் காட்டித்தான் எனக்கு இந்தக் கதை தெரியும். ரெண்டாம் பாகத்தில ஈழம் வரேக்க அப்பா கொஞ்சம் நிமிர்ந்து இருந்து வாசிப்பார்.

எனக்கு இந்தக் கதையின்ர முடிவு எண்டால் அது அந்த ஊமை ராணி மந்தாகினி சாகிற இடம்தான். வாய் பேசாத மனுஷி, பூதத்தீவில தனிய இருந்தவ, சுந்தர சோழருக்கு வந்த வேலைத் தன்ர உடம்பில வாங்கிக்கொண்டு போறா. வாழ்நாள் முழுக்க ஒருத்தருக்கும் ஒரு சொல்லுச் சொல்லேலாமல் இருந்தவ, கடைசியா அதைத்தான் சொன்னா. அது நடக்கிறது அஞ்சாம் பாகத்தின்ர நடுவிலயே. அதுக்குப் பிறகு வாற பட்டாபிஷேகமோ ஆர் ராசா எண்டதோ எனக்குப் பெரிசாப் படேல்ல. அக்கா, நீங்கள் சிகரம் எங்க எண்டு கேக்கிறியள். எனக்குச் சிகரம் அங்கதான். தியாகம் எண்டு தலைப்பு வச்சது அருள்மொழிக்கு மட்டும்தான் எண்டு நான் நினைக்கேல்ல.

#7 நெய்தல்பூ

மாதகல்கடல், கண்ணு கலங்கிடுச்சு. உண்மை. மந்தாகினி, மணிமேகலை, பெரிய பழுவேட்டரையர், எல்லாரும் ஒவ்வொண்ணைக் கொடுத்துட்டுத்தான் போறாங்க.

#8 ஆனைமலை

வணக்கம், நான் புதுசு. படம் பார்த்துட்டுத்தான் புக்குக்கு வந்தேன், 2022-ல முதல் பாகம் பார்த்ததும் அஞ்சு பாகமும் வாங்கிட்டேன். ரெண்டாவது படம் 2023 ஏப்ரல்ல வர்றதுக்குள்ள முடிச்சுடணும்னு வெறியா படிச்சேன். ஆபீஸ் பஸ்ல போக வர ஒரு மணி நேரம், அதுலயே முக்கால்வாசி படிச்சது.

குடமுருட்டி மேடம் சொன்ன பாயிண்ட் எனக்கு தியேட்டர்லயே தோணுச்சு. படத்துல சேந்தன் அமுதன் அரசனாகறது கிடையாது. இத்தனை நாள் ஆசைப்பட்டுச் சதில சேர்ந்த அதே மதுராந்தகன் தலைலதான் அருள்மொழி மகுடத்தை வைக்கறார். பக்கத்துல உக்காந்திருந்த என் ஃப்ரெண்டு புக் ரசிகன், அவன் ரொம்ப கோவிச்சுக்கிட்டான், கதையை மாத்திட்டாங்கன்னு. எனக்கு என்னவோ அந்தக் காட்சில தொண்டை அடைச்சுடுச்சு, ஏன்னா மதுராந்தகன் முகத்துல ஒரு வெட்கம் தெரியும், எனக்கா இதைக் கொடுக்கறங்கற மாதிரி. புக்ல அந்த வெட்கத்துக்கு இடமே இல்லை. ஆனா படத்துல மணிமேகலையே கிடையாது, பூங்குழலிக்கும் சேந்தன் அமுதனுக்கும் இருக்கற கதையும் இல்லை, அது பெரிய இழப்புதான். இதுல எது கரெக்ட்னு என்னால சொல்ல முடியலை.

#9 கண்டராதித்தம்

நான் குடமுருட்டி அவர்களோட கருத்துக்கு முழுசா எதிர்ப்பக்கம். சேந்தன் அமுதனுக்காக யாராவது பேசணும்.

முதல்ல, அது கடைசில ஒட்டவச்ச திருப்பம் கிடையாது. முதல் பாகத்துலயே விதை போட்டுட்டார். தஞ்சாவூர்ல வந்தியத்தேவன் போய்த் தங்கற வீடு யாருது? வாய் பேச முடியாத அம்மா, சிவபக்தியைத் தவிர வேற ஒண்ணும் தெரியாத பிள்ளை. அப்பக்கமா அமுதனோட நிஜ அப்பா கண்டராதித்தர் யாருன்னு பாருங்க. சோழ சிம்மாசனத்துல உக்காந்தும் மனசு முழுக்க சிவன் கிட்ட இருந்தவர், அவர் பாடின திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறைல இருக்கு. செம்பியன் மாதேவி ஊர் ஊரா செங்கல் கோயிலைக் கருங்கல்லாக் கட்டின அம்மா. இந்த ரெண்டு பேருக்கும் பிறந்த பிள்ளை யார் மாதிரி இருப்பான்? பல்லக்குல மூடிட்டு ராத்திரில ஊர் ஊரா போய் சதிக்கூட்டம் போடற ஆள் மாதிரியா, பூக்குடலை மாதிரியா? ரத்தம் தன்னைக் காட்டிக் கொடுத்துட்டே இருந்துது, நமக்குத்தான் தெரியலை.

ரெண்டாவது, சரித்திரத்துல மதுராந்தகருக்கு உத்தம சோழர்னு பேரு, அவர் மேல ஒரு கறை இருக்கு. கரிகாலன் செத்து அவர் பதினஞ்சு வருஷம் ஆண்டும் கொலைகாரங்களைத் தண்டிச்சதா எதுவும் கிடைக்கலை, ராஜராஜன் 985-ல வந்த பிறகுதான் அந்த உடையார்குடி உத்தரவு வருது. அதை வச்சு சரித்திர ஆசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழர் மேலயே சந்தேகப்பட்டார். அது சரியில்லைன்னு மறுத்தவங்களும் இருக்காங்க. கல்கி இதையெல்லாம் கரைச்சுக் குடிச்சவர். தன் அண்ணனைக் கொன்னவங்களோட சேர்ந்து இருந்திருக்கலாம்னு சந்தேகம் இருக்கற ஒருத்தனுக்கு அருள்மொழி மகுடத்தைக் கொடுத்தா அது தியாகமா தெரியுமா, ஏமாளித்தனமா தெரியுமா? வாசகன் அருள்மொழியை மதிப்பானா? செம்பியன் மாதேவி மாதிரி ஒரு அம்மாவோட பிள்ளைக்கு அந்தப் பழி வேண்டாம்னு கல்கி நினைச்சிருக்கார். உத்தமன்கற பேருக்கு ஏத்த ஒருத்தனைத் தேடிக் கொண்டு வந்து உக்கார வச்சார். அதுல எனக்கு அவர் மேல மரியாதைதான் கூடுது.

#10 குடமுருட்டி

கண்டராதித்தம் சார், நேத்து ராத்திரி உங்க பதிவைப் படிச்சுட்டு முதல் பாகத்தை எடுத்து சேந்தன் அமுதன் வர்ற இடமெல்லாம் திரும்பப் படிச்சேன். நீங்க சொல்றது சரி. ஒட்டவச்சதுன்னு நான் மனசுக்குள்ள நினைச்சுட்டிருந்தேன், அது தப்பு. கல்கி அந்தப் பையனைப் பத்தி எழுதும்போதெல்லாம் குரலையே தாழ்த்திக்கறார், கோயிலுக்குள்ள நுழைஞ்ச மாதிரி. அது எனக்கு இத்தனை வருஷமா கண்ணுல படலை. செம்பியன் மாதேவி பத்தி நீங்க சொன்னதும் சரி, அந்த அம்மா முகத்தைப் பார்த்து அந்தப் பழியை எழுத யாருக்கும் மனசு வராது.

ஆனா என் வருத்தம் தீரலை, இடம்தான் மாறியிருக்கு. பூங்குழலியைப் பாருங்க. அந்தப் பொண்ணு அரண்மனை வாசமே வேண்டாம், பூந்தோட்டமும் சேந்தன் அமுதனும் போதும்னு முடிவெடுக்கறதுக்கு அவ்வளவு தூரம் நடந்து வர்றா. இளவரசர் மேல வச்ச ஆசையை விட்டா, கோடியக்கரைக் கடலை விட்டா, கடைசில குடிசையைத் தேர்ந்தெடுக்கறா, அந்த இடத்துல நான் கை தட்டியிருக்கேன். அப்புறம் பார்த்தா அவளைத் தூக்கிக்கொண்டு போய் சோழ நாட்டுப் பட்டத்து அரசியா உக்கார வச்சாச்சு. அவ தேர்ந்தெடுத்ததுக்கு என்ன மதிப்பு? அந்தப் பக்கம் வானதி, சிங்காதனத்துல உக்கார மாட்டேன்னு சபதம் போட்டவ, அவ சொல் நிக்குது, ராஜராஜனுக்குப் பட்டத்தரசி லோகமாதேவின்னு கல்வெட்டெல்லாம் சொல்லுது, வானதி ராஜேந்திரனோட அம்மாவா மட்டும் நிக்கறா. வானதி சொன்ன சொல்லைக் காப்பாத்தின கதை, பூங்குழலி மனசைக் காப்பாத்தலையே. படகு ஓட்டின கை அது சார்.

#11 கண்டராதித்தம்

பூங்குழலி விஷயத்துல என்கிட்ட பதில் இல்லை. நீங்க சொன்ன பிறகு எனக்கும் உறுத்துது.

#12 வீராணத்தான்

கல்வெட்டு தடையான்னு கேட்டீங்கள்ல அக்கா, அதை ரெண்டு நாளா யோசிச்சேன். நந்தினியை உண்டாக்கலாம், பூங்குழலியை உண்டாக்கலாம், ஏன்னா அவங்க யார் மேலயும் பழி விழாது. ஆனா கொன்னவன் இவன்தான்னு எழுதினா அது உண்மைல வாழ்ந்த ஒருத்தன் தலைல விழும், அவன் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி செத்துட்டான், வந்து இல்லைன்னு சொல்ல முடியாது. கல்கி எழுதினா தமிழ்நாடே நம்பும்னு அவருக்குத் தெரியும். இப்பவே பாருங்க, எத்தனை பேர் கதையைத்தான் சரித்திரம்னு நினைச்சுப் பேசறாங்க, எங்க ஊருக்கு வர்றவங்களே கடம்பூர் மாளிகை எங்க, நந்தினி அரண்மனை எங்கன்னு கேக்கறாங்க.

வந்தியத்தேவன் கல்யாணம் கதைல இல்லைன்னு வருத்தப்பட்டீங்க. அது கல்லுல இருக்கு அக்கா. தஞ்சாவூர் பெரிய கோயில்ல வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்னுதான் குந்தவைப் பிராட்டியாரைச் சொல்லியிருக்கும். அந்த ஒரு வரிலேர்ந்துதானே வந்தியத்தேவன்னு ஒரு ஆளே நமக்குக் கிடைச்சான்.

#13 நெய்தல்பூ

கல்லுல இருந்தா போதுமா? எனக்குக் கதைல வேணும். 😢 விக்கிரமன் எழுதின நந்திபுரத்து நாயகி தொடர்ச்சிதான்னு சொல்லி ஒரு அக்கா கொடுத்தாங்க, ஆசையா ஆரம்பிச்சேன், அவரும் கஷ்டப்பட்டுத்தான் எழுதியிருக்கார், ஆனா வந்தியத்தேவன் பேசினா எனக்கு வேற யாரோ பேசற மாதிரியே இருந்துது. அந்தக் குறும்பு கல்கியோட போயிடுச்சு. பாதிக்கு மேல போக முடியலை.

#14 பழைய இதழ்

குடமுருட்டி சகோதரிக்கு ஒண்ணு சொல்லணும். எங்க அம்மாவும் உங்க பாட்டி மாதிரிதான் ஏமாந்தாங்க. ஆனா அவங்க சொன்ன காரணம் வேற. கதை முடிஞ்ச பிறகு வந்த பத்திரிகையைக் கைல வாங்கினதும் வீட்டுல யாரும் அடிச்சுப் பிடிச்சுக்கலையாம். மூணரை வருஷமா தபால்காரர் தெரு முனை திரும்பும்போதே யார் முதல்ல படிக்கறதுன்னு சண்டை. தாத்தா படிச்சு, பெரியப்பா படிச்சு, அப்புறம்தான் பொம்பளைங்க கைக்கு வரும், அடுப்புல குழம்பு கொதிக்கும்போது ஒருத்தர் படிக்க மத்தவங்க கேப்பாங்க. அன்னிக்குப் பத்திரிகை திண்ணைலயே கிடந்துதாம். சாயங்காலம் வரைக்கும் யாரும் எடுக்கலை. அம்மா அதைச் சொல்லும்போதெல்லாம் குரல் மாறிடும்.

அதனால முடிவு சரியா தப்பாங்கறது எனக்கு எப்பவுமே ரெண்டாவதுதான். முடிஞ்சு போச்சுங்கறதுதான் பெரிய ஏமாற்றம், அதுக்குக் கல்கி என்ன எழுதியிருந்தாலும் ஆறியிருக்காது.

#15 குடமுருட்டி

ஐயா, திண்ணைல கிடந்த அந்தப் பத்திரிகை எனக்கு ரெண்டு நாளா கண்ணுலயே நிக்குது. பாட்டி இப்ப இல்லை, இருந்தா உங்க அம்மா கதையை அவங்களுக்குப் படிச்சுக் காட்டியிருப்பேன். 

இருந்தாலும் முடிஞ்சு போச்சேங்கற வருத்தம் மட்டும்தான்னு என்னால ஒத்துக்க முடியலை. சிவகாமியின் சபதம் முடிஞ்சப்பவும் அழுதேன், ஆனா அது முடிஞ்சுதுன்னு மனசு ஏத்துக்கிச்சு, சிவகாமி ஏகாம்பரநாதர் சன்னிதில தாலி கட்டிக்கிட்டு ஆட ஆரம்பிச்சா அதுக்கு மேல என்ன வேணும்? இங்க அப்படி இல்லை. அருள்மொழி மகுடத்தைக் கழட்டிக் கொடுத்த மறுநாள் காலைல எப்படி எழுந்தார்? அந்தப் பதினஞ்சு வருஷம் யாரோ ஒருத்தர் சிங்காதனத்துல உக்காந்திருக்க இவர் பக்கத்துல நிக்கறாரே, ஜனங்க இவரைத்தானே பார்ப்பாங்க, அதை எப்படித் தாங்கினார்? கொடுக்கறது ஒரு நாள் வேலை, கொடுத்துட்டு வாழறதுதானே தியாகம். அந்த ஒரு அத்தியாயம், ஒரே ஒரு அத்தியாயம் 92-வதா இருந்திருந்தா போதும், நான் இந்த இழையையே ஆரம்பிச்சிருக்க மாட்டேன்.

#16 மாதகல்கடல்

கொடுத்திட்டு வாழுறது. ஓம் அக்கா. இதை நான் அப்பாட்ட ஃபோனில வாசிச்சுக் காட்டினனான். அவர் கனநேரம் ஒண்டும் சொல்லேல்ல, பிறகு நாலாம் பாகத்தை எடுத்துத் தா எண்டார். கண் தெரியாது அவருக்கு இப்ப, நான்தான் வாசிக்க வேணும். இரவைக்குத் தொடங்கிறம்.

#17 ஆனைமலை

மேடம் அந்த 92-வது அத்தியாயம் பத்திச் சொன்னீங்களே, பஸ்ல வரும்போது அதையேதான் யோசிச்சுட்டு வந்தேன், ஸ்டாப்பைத் தாண்டிப் போயிட்டேன். நான் மறுபடி முதல் பாகத்துலேர்ந்து ஆரம்பிக்கறேன், இந்தத் தடவை சேந்தன் அமுதனை மட்டும் கவனிச்சுப் படிக்கப் போறேன், கண்டராதித்தம் சார் சொன்னதுக்காக.

#18 வீராணத்தான்

அக்கா, நீங்க குடமுருட்டிப் பக்கம்னா எங்க ஊர் ரொம்பத் தூரம் இல்லை. கும்பகோணம் வந்து காட்டுமன்னார்கோயில் பஸ் ஏறினா அணைக்கரை வழியா கொள்ளிடத்தைத் தாண்டி வந்துடலாம். சாயங்காலம் நாலு நாலரைக்கு வாங்க, அப்பதான் எழுத்து தெரியும். ஒரு டார்ச் எடுத்துட்டு வாங்க, பக்கவாட்டுல பிடிக்கணும். கோயில் பார்த்துட்டு வீராணம் ஏரிக்கரைக்கும் போயிட்டு வந்துடலாம், ஆடி மாசம் தண்ணி வந்துட்டா கரையில நிக்கவே முடியாது, அப்படிக் காத்தடிக்கும்.

#19 குடமுருட்டி

வரேன் தம்பி. பாட்டியோட கடைசிக் கட்டையும் துணியில சுத்தி எடுத்துட்டு வரேன். ஆடிப்பெருக்கு முடிஞ்ச முதல் ஞாயித்துக்கிழமை, அணைக்கரை தாண்டினதும் கூப்பிடறேன்.